லெவாசாவின் அப்பா வரும் வியாழக்கிழமை

செவ்வாய்க்கிழமை காலை அவுகுசோ பல் துலக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. உப்போலு தீவிலிருந்து லிதாரா, லெவாசாவின் மனைவி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

“அண்ணே, உங்க சோவா போயிட்டார். இன்னைக்கு விடிகாலைல.”

வாயில் நுரையோடு அவர் அப்படியே நின்றார். சோவா என்றால் ஜோடி. எங்கள் சபையில் ஊழியத்துக்கு அனுப்பும்போது இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்புவார்கள். ஒருவன் எங்கே போனாலும் மற்றவன் கூடவே போகவேண்டும். நாற்பது வருடத்துக்கு முன்னால் சவாயி தீவில் எங்கள் ஊரில் அவுகுசோவும் லெவாசாவும் அப்படி ஒரு ஜோடி. ஊழியம் முடிந்து, கல்யாணம் கட்டி, தலை நரைத்த பிறகும் லெவாசா அவரை வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

“சனிக்கிழமை அடக்கம்” என்றாள் லிதாரா. “ஊழியத்து நாளைப் பத்தி நீங்கதான் பேசணும்னு ஆஸ்பத்திரில இருக்கறப்பவே சொல்லிட்டார். வருவீங்கல்ல?”

“எங்க வைக்கிறாங்க?”

அழுகிற பெண்ணிடம் முதலில் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அவருக்கு அதுதான் வந்தது.

“பின்னாடிதான். சமையல்கட்டுக்கு அந்தப் பக்கம், ஈரப்பலா மரத்துகிட்ட.”

“முன்னாடி அவங்கப்பா பக்கத்துல இடம் இருக்கே.”

“இருக்கு. யாரு குடுக்கறது?”

எங்கள் வழக்கத்தில் சமாதி வீட்டு வாசலிலேயே இருக்கும். வாசலில் படுப்பவன் அந்த வீட்டுக்காரன். பின்னால் படுப்பவன் அந்த வீட்டில் சாப்பிட்டவன், அவ்வளவுதான். லெவாசாவைப் பின்னால் தள்ளியது அவன் குடும்பம் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. தள்ளியது யார் என்று அவுகுசோவுக்கு மட்டும் தெரியும். சனிக்கிழமை வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிட்டால், குழியை முன்னால் வெட்டுவார்கள். சொல்லாவிட்டால் அவன் சமையல்கட்டுப் புகையில் கிடப்பான், காலத்துக்கும்.

லெவாசா வெளிநாட்டில், ஆக்லாந்தில் பிறந்தவன். அவனுக்குத் தெரிந்த சமோவ மொழி அடுப்படி மொழி: சாப்பிடு, குளி, வாயை மூடு, உதை வாங்குவே. எங்கள் மொழியோ மாடி வீடு மாதிரி. கீழே நம் பேச்சு, மேலே மரியாதைப் பேச்சு. சாப்பிடுவதற்கே ஆளைப் பார்த்து நாலு சொல். ஊருக்கு வந்த முதல் வாரம் தலைவர் ஒருவர் வீட்டில் அவன் மேல்மாடிச் சொல் ஒன்றை எடுத்துவிட்டான். “ஐயா, உங்க நாய் எங்க செருப்பைத் திருவமுது பண்ணிக்கிட்டிருக்கு” என்றான். தலைவர் சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். அதோடு அந்த வீடு அவனுக்குச் சொந்த வீடாகிவிட்டது.

ஆள் நல்ல உயரம், நல்ல தீனி. ஜெபத்தில் அவன் குரல் கூரையைத் தூக்கும். இரண்டு பேரும் தங்கியிருந்தது மாசோவே என்பவர் வீட்டில். அவர் மனைவி எமாவுக்குத் தண்ணீர் தூக்குவது, கிழங்கு தோண்டுவது, கல்லடுப்புக்குக் கல் பொறுக்குவது எல்லாம் அவன்தான். அவுகுசோ எங்கள் தீவுக்காரன். வேதவசனமும் மரியாதைப் பேச்சும் நாக்கின் நுனியில் வைத்திருப்பவன். கதவைத் தட்டுவது லெவாசா, பேசுவது அவுகுசோ. அந்த ஜோடி நன்றாகவே ஓடியது.

ஒரே ஒரு குறை. லெவாசாவின் அப்பா பேச்சாளர் பட்டம் உள்ளவர். ஊர்க்கூட்டத்தில் கோலூன்றி நின்று குடும்பத்துக்காகப் பேசும் உரிமை அவருடையது. ஆக்லாந்தில் தொழிற்சாலை வேலை முடிந்து, உப்போலுவில் தன் ஊரான சலேயாவாவுக்குத் திரும்பியிருந்தார். பரம்பரையாக அவர்கள் வேறு சபை. மகன் எங்கள் சபையில் சேர்ந்து ஊழியத்துக்கும் கிளம்பியதும், “என் மூஞ்சில முழிக்காதே” என்று சொல்லிவிட்டார். லெவாசா ஞாயிறு தவறாமல் அவருக்குக் கடிதம் எழுதினான். பதினாலு மாதம். ஒரு வரி பதில் இல்லை. நடுவில் இருப்பது ஒரு கடல்தான். படகில் ஒன்றரை மணி நேரம்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் மழை பெய்துகொண்டிருந்தது. அப்போது எங்கள் ஊரில் போன் கிடையாது. தலைநகர் ஆப்பியாவின் வானொலியில் மத்தியானம் குடும்பச் செய்திகள் வாசிப்பார்கள். யார் வீட்டில் கல்யாணம், யார் உடனே ஊருக்கு வரவேண்டும், எல்லாம் அதில்தான். மாசோவே குடும்பம், ஊழியக்காரர் இரண்டு பேர், எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“சவாயியில் ஊழியம் செய்யும் லெவாசாவுக்கு, சலேயாவாவிலிருந்து குடும்பத்தார்” என்றது வானொலி. “உன் தந்தை மாலியு. வியாழக்கிழமை…” அப்போது பார்த்துத் தகரக் கூரையில் மழை கொட்டியது. மிச்சம் யாருக்கும் கேட்கவில்லை.

லெவாசா வாயில் கிழங்கோடு எழுந்து குதித்தான். “அப்பா வர்றார்! சோவா, கேட்டியா? வியாழக்கிழமை எங்கப்பா வர்றார்டா!”

மற்றவர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

மாலியு என்பது பேச்சாளர்களுக்கென்று இருக்கிற மரியாதைச் சொல். அவர் வந்தாலும் மாலியு, செத்தாலும் மாலியு. வித்தியாசம் பின்னால் ஒட்டும் ஒரு துண்டு வார்த்தையில் இருக்கிறது. ‘மை’ என்றால் ‘இங்கே, நம் பக்கம்’. மாலியு மை என்றால் எழுந்தருளினார். வெறும் மாலியு என்றால் போய்விட்டார். லெவாசா சின்ன வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போன வீடுகளில் எல்லாம் வாசலில் அவரை “மாலியு மை, மாலியு மை” என்றுதான் வரவேற்றார்கள். அவனுக்கு அந்தச் சொல்லென்றால் அப்பா படியேறி வருவது. வேறு அர்த்தத்தில் அவன் கேட்டதே இல்லை.

எமா தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். மாசோவே வானொலியை நிறுத்தினார். எல்லோரும் அவுகுசோவைப் பார்த்தார்கள். அவன் குனிந்து, தேங்காய்ப்பாலில் வெந்த கீரையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் தேங்காய் துருவிக்கொண்டே எமா கேட்டாள்: “சொல்லிட்டியா?”

“சொல்றேன்மா.”

“எப்ப? எழவு விழுந்த பையன் அங்க கூரை மேல ஏறி ஓலை மாத்திக்கிட்டிருக்கான், அவங்கப்பா தலைல ஒழுகிடக் கூடாதாம்.”

“நீங்க சொல்லுங்களேன்.”

“நாங்க சொன்னா அது ஊர் வாய். இங்க அவனுக்கு ரத்தம்னு இருக்கறது நீ ஒருத்தன். நீ சொன்னாத்தான் அது சாவுச் செய்தி.” தேங்காய் மூடியைத் தரையில் வைத்தாள். “வியாழக்கிழமை அடக்கம்டா தம்பி. அதுக்குள்ள அவன் கடலைத் தாண்டணும்.”

சொல்லத்தான் நினைத்தான். கூரையிலிருந்து இறங்கட்டும் என்று காத்திருந்தான். இறங்கியதும் அவன் பாட ஆரம்பித்தான். பாட்டு முடியட்டும் என்று இருந்தான். பிறகு ஜெபம் வந்தது. ஜெபத்தில் லெவாசா, “அப்பாவின் மனதைத் திருப்பினதற்கு ஸ்தோத்திரம்” என்று அழுதான். இன்னும் ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருக்கட்டுமே என்று அவுகுசோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதற்குக் கருணை என்று பேரும் வைத்துக்கொண்டான். கோழைகள் எல்லோரும் வைக்கிற பேர்தான் அது.

செவ்வாய்க்கிழமை லெவாசா முடி வெட்டிக்கொண்டு, ஒரு பழைய நோட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தான்.

“சோவா, எனக்கு வரவேற்புப் பேச்சு சொல்லிக் குடு. பெரிய பேச்சாளரை வரவேற்கிற மாதிரி, முழுசா. அவர் படகுல இருந்து இறங்கினதும் நான் பேசணும். கிழவர் ஆடிப் போயிடணும்.”

“இப்ப எதுக்கு அதெல்லாம்…”

“எதுக்கா? ‘ஆக்லாந்துப் பன்னி, உனக்கு மொழி வராது’ன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்தவர்டா அவர். சொல்லிக் குடு.”

அவுகுசோ சொல்லிக்கொடுத்தான். ஒரு மத்தியானம் முழுக்க, செத்துக் கிடக்கிற மனுஷனை வரவேற்கிற பேச்சை, சொல் சொல்லாக, இழுக்கிற இடத்தில் இழுத்து, நிறுத்துகிற இடத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தான். லெவாசா பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு, முதல் வகுப்புப் பையன் மாதிரி திருப்பிச் சொன்னான்.

“உங்கள் பாதம் பட்ட இந்த மண்ணுக்கு, மாலியு…”

“மாலியு மை. மை சேர்க்கணும்.”

“மாலியு மை.” எழுதிக்கொண்டான். பிறகு பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். “மை சேர்க்கலன்னா என்ன ஆகும்?”

கடவுள் வேறு எப்படித்தான் கதவைத் திறந்துவிடுவார்? ஒரு வரி போதும். சொல்லியிருந்தால், அன்றைக்கே நாலு மணிப் படகு இருந்தது.

“மரியாதை குறைஞ்சிடும்” என்றான் அவுகுசோ.

“ஓ” என்று சொல்லி லெவாசா அதையும் எழுதிக்கொண்டான்.

புதன்கிழமை மாசோவே பன்றி அடித்தார். இழவு வீட்டுக்குப் போகும்போது வெறும் கையோடு போகமுடியாது. எமா பெட்டியைத் திறந்து, பெரிய மரியாதைக்குக் கொடுக்கும் நுண்பாய் ஒன்றை எடுத்து வெயிலில் விரித்தாள். லெவாசா அதையெல்லாம் பார்த்து, “எங்கப்பாவுக்காகவா? இவ்வளவா?” என்று அவளைக் கட்டிக்கொண்டான். அவள் முகத்தை மூடிக்கொண்டு கல்லடுப்புப் பக்கம் ஓடினாள்.

“எமா அம்மா ஏன் அழறாங்க?”

“புகை” என்றான் அவுகுசோ.

மத்தியானம் மாசோவே அவனைத் தென்னந்தோப்புக்குள் கூட்டிக்கொண்டு போய், சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். “நாலு மணிக்குக் கடைசிப் படகு. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

“நான் சொல்றேன். இப்பவே.”

போனான். லெவாசா வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். கரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, தலையைத் தூக்காமலே கேட்டான்: “சோவா, ஒண்ணு கேக்கறேன், சிரிக்காதே. அவர் என்னைப் பாத்ததும் பேசாம திரும்பிப் போயிட்டாருன்னா?”

“போகமாட்டார்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

படகு போய்விட்டது. இனி வியாழக்கிழமை காலைப் படகு ஒன்றுதான்.

வியாழக்கிழமை பஸ்ஸில் பன்றியும் பாயும் பூமாலையுமாகச் சலேலோலோங்கா துறைக்கு வந்தார்கள். லெவாசா மாலை கசங்காமல் இருக்க அதைக் கையில் தூக்கிப் பிடித்தபடியே வந்தான். பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம், “எங்கப்பா வர்றார்” என்று சொன்னான். சிலருக்கு விஷயம் தெரியும். அவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். காலைப் படகு உப்போலுவிலிருந்து வந்து திரும்பிப் போகும். அதில் ஏறினால் எப்படியும் மத்தியானத்துக்குள் சலேயாவா போய்விடலாம். துறையில் சொல்லிவிடலாம் என்பதுதான் அவுகுசோவின் கணக்கு.

அன்றைக்குக் காற்று மாறிவிட்டது. நடுக்கடலில் அலை எழும்பி, படகை அந்தக் கரையிலேயே கட்டிப் போட்டிருந்தார்கள். எப்போது வரும் என்று துறைக்காரருக்கே தெரியவில்லை.

“பாவம், கிழவருக்கு அலைன்னா வாந்தி” என்றான் லெவாசா. “அங்க உக்காந்து எல்லாரையும் திட்டிக்கிட்டிருப்பார்.”

அப்போதுதான் அவுகுசோ சொன்னான். இனி சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை என்று ஆன பிறகு சொன்னான்.

“சோவா. உங்கப்பா வரல. அவர் தவறிட்டார். இன்னைக்கு அடக்கம்.”

லெவாசா சிரித்தான். பிறகு அவுகுசோவின் முகத்தைப் பார்த்தான். பன்றியைப் பார்த்தான், பாயைப் பார்த்தான். ஒவ்வொன்றாக அவனுக்குப் புரிந்துகொண்டு வந்தது வெளியிலிருந்தே தெரிந்தது.

“எப்ப தெரியும் உனக்கு?”

“திங்கட்கிழமை.”

“வானொலில சொன்னப்பவேவா?”

“ஆமா.”

“அப்ப அந்த மை…” அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. துறையின் கட்டைச் சுவர் மேல் உட்கார்ந்து, மாலையை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தான். அடித்திருந்தால் அவுகுசோ வாங்கிக்கொண்டிருப்பான். திட்டியிருந்தால் அழுதிருப்பான். லெவாசா இரண்டும் செய்யவில்லை. படகு மூன்று மணிக்கு வந்தது.

சலேயாவா போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வாசலில் சமாதிக்குச் சிமெண்ட் பூசி, பலகையால் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் இன்னும் கலையவில்லை. லெவாசாவின் சித்தப்பா சோசெனே எழுந்து வந்தார்.

“வா, துரை. மூணு தடவை வானொலில சொன்னோம். மூத்த மகன் வரணும்னு பெட்டியை மூடாம மத்தியானம் வரைக்கும் வச்சிருந்தோம். ஊரே உக்காந்திருந்துச்சு. எங்க போயிருந்தே? உன் புது சபை விடலையா?”

லெவாசா இப்போது சொல்லப்போகிறான் என்று அவுகுசோ காத்திருந்தான். என் சோவா மூன்று நாள் மறைத்தான், கேட்டபோதுகூடப் பொய் சொன்னான் என்று சொல்லப்போகிறான். சொல்லட்டும்; காலில் விழுந்துவிடலாம்.

லெவாசா ஈரச் சிமெண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “சபை இல்ல சித்தப்பா. எனக்கு அந்தச் சொல் புரியல. மாலியுன்னதும், அப்பா வர்றார்னு நினைச்சேன்.” கையிலிருந்த மாலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். “துறைல நின்னுக்கிட்டிருந்தேன்.”

பிறகு பின்வரிசையில் ஒருவன் மூக்கால் சிரித்தான். அடக்கப் பார்த்த சிரிப்பு பக்கத்தவனுக்குப் பரவியது. பேச்சாளர் மகன், அப்பன் செத்ததற்கு மாலையோடு நின்றானாம்! ஆறு ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சோசெனேயின் முகம் கறுத்தது. “எங்கண்ணன் பட்டத்துக்கு இப்படி ஒரு வாரிசு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அவுகுசோ அங்கேதான் நின்றான். வாயும் இருந்தது, நாக்கும் இருந்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தான். அதற்குள் யாரோ அவன் கையில் டீயைக் கொடுத்து, “உக்காருங்க தம்பி, தூரத்துல இருந்து வந்திருக்கீங்க” என்றார்கள். உட்கார்ந்தான். டீயைக் குடித்தான்.

பட்டம் சோசெனேயின் மகன் அபேலுவுக்குப் போனது. லெவாசாவுக்கு ‘மை’ என்ற பட்டப்பேர் மிஞ்சியது. “மை வர்றான், மாலை எடுத்து வைங்க” என்பார்கள். ஊழியத்தில் மிச்சமிருந்த பத்து மாதமும் அவன் அவுகுசோவோடு ஒரே வீட்டில் தூங்கி, ஒரே தட்டில் சாப்பிட்டு, ஜெபத்தில் “என் சோவாவை ஆசீர்வதியும்” என்று பேர் சொல்லி வேண்டிக்கொண்டான். அந்த வியாழக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பத்து மாதத்தை அவுகுசோ எப்படிக் கழித்தான் என்று அவனைத்தான் கேட்கவேண்டும்.

ஊழியம் முடிந்ததும் ஆக்லாந்துக்கு ஓடியிருக்கலாம். லெவாசா ஓடவில்லை. சிரித்த ஊருக்கே போய்க் குடியேறினான். கிழங்கு போட்டான், பஸ்ஸில் மூட்டை ஏற்றினான், லிதாராவைக் கட்டினான். மரியாதைப் பேச்சைக் கேட்டுக் கேட்டு, எழுதி எழுதிக் கற்றான். கடைசியில் அந்த வட்டாரத்தில் அவனுக்குத் தெரியாத சொல் இல்லை. கூட்டத்துக்கு முதல்நாள் பேச்சாளர்கள் கொல்லைப்பக்கமாக வந்து, “மை, இந்த இடத்துல என்ன சொல்லணும்?” என்று கேட்டுக்கொண்டு போவார்கள், அபேலு உட்பட. ஆனால் பட்டம் இல்லாதவன் கூட்டத்தில் பேசமுடியாது. நரைத்த தலையோடு, இருபது வயசுப் பிள்ளைகளோடு சேர்ந்து பரிமாறிக்கொண்டிருந்தான்.

அவுகுசோவுக்கோ எங்கள் ஊரில் பேச்சாளர் பட்டம் கிடைத்தது. நல்ல குரல், நல்ல ஞாபகம். இரண்டு தீவிலும் பேர். சலேயாவா பக்கம் மட்டும் கால் வைக்கமாட்டார். பத்து வருடம் முன்னால் ஆப்பியாவில் ஒரு பெரிய கூட்டம். அவர் பேர் சொல்லிக் காவா என்ற மரியாதைப் பானத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். கிண்ணத்தோடு எழுந்து வந்தது லெவாசா. குனிந்து கொடுத்தபோது, “நல்லா இருக்கியா, சோவா?” என்று மெதுவாகக் கேட்டான். அவுகுசோ குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார். லெவாசா இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவர் போகவில்லை. என்ன முகத்தோடு போவது?

சனிக்கிழமை போனார். படகில் யாரோடும் பேசாமல், சொல்லவேண்டியதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். மாசோவேயும் எமாவும் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. சோசெனேயும் இல்லை. மிச்சம் இருப்பது தான் மட்டும். இன்றைக்கு விட்டால் இல்லை.

வாசல் நிறைய கூட்டம். பெட்டி நடுவில். குழி பின்னால் தயாராக இருந்தது. அபேலு, “எங்கள் அண்ணனின் ஊழியத் தோழர் பேசுவார்” என்றார்.

அவுகுசோ கோலூன்றி எழுந்தார். வந்திருந்த ஊர்களை வரிசையாக வணங்கினார், பட்டங்களை வணங்கினார். அதைச் செய்யாமல் பேச்சாளரின் வாய் திறக்காது. பிறகு குரல் தானாக ஏறியது.

“பெருமக்களே, இந்தப் பெட்டிக்குள் கிடப்பவன்மேல் நாற்பது ஆண்டாகக் கிடக்கும் பழிக்கு வேர் என் நாவில் இருக்கிறது. தந்தை மறைந்த சேதியை அவன் அறியாதபடி மறைத்த இருள் நானே. அவன் கேட்டான், நான் பொய் உரைத்தேன். குற்றம் என்னுடையது, தண்டனை அவனுடையதாயிற்று. தந்தையின் அருகே அவனைக் கிடத்துங்கள். பின்னால் வெட்டிய குழிக்கு உரியவன் நானே!”

“நன்று! நன்று!” என்று பெரியவர்கள் தொடையைத் தட்டினார்கள். ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எவ்வளவு அழகாகப் பேசினார்! எங்கள் மேடைப் பேச்சில் தன்னைத் தாழ்த்திக்கொள்வதுதான் பெரிய மரியாதை. வீட்டில் நூறு பன்றி வைத்திருப்பவன் ‘என் வெறும் கையை மன்னியுங்கள்’ என்பான். கேட்பவர்களும் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அபேலு எழுந்து பதில் சொன்னார். “கேட்டீர்களா ஒரு நட்பை? சொல் தெரியாமல் தோழன் பட்ட அவமானத்தைச் சாவிலும் தன் தோளில் ஏற்றிக்கொள்கிறார்! இப்படி ஒரு சோவா கிடைத்ததே என் அண்ணன் செய்த பாக்கியம்.”

“இல்ல அபேலு!” அவுகுசோவின் கையிலிருந்து கோல் விழுந்தது. மேல்மாடிச் சொல்லெல்லாம் போய்விட்டது. “பேச்சுக்குச் சொல்லலப்பா. நிஜம். மை சேர்க்கலன்னா என்ன ஆகும்னு என்கிட்ட கேட்டான். எனக்குத் தெரியும். மரியாதை குறையும்னு பொய் சொன்னேன். நான்தான்… அவனை முன்னாடி வைங்கப்பா, உங்க கால்ல விழறேன்…” குரல் உடைந்து அழுகையாகிவிட்டது.

அதைப் பார்த்துப் பெண்கள் பெரிதாக அழுதார்கள். “பாவம், துக்கம் தாங்கல அவருக்கு” என்று இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து உட்காரவைத்தார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார். அபேலு கண்ணைக் காட்ட, பாடகர் குழு பாட ஆரம்பித்தது. பெட்டியைத் தூக்கினார்கள்.

லிதாரா மட்டும் அவர் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“நிஜமா, அண்ணே?”

“நிஜம்மா. சத்தியமா.”

அவள் நிமிர்ந்தாள். “அவர் என்கிட்டகூட சொன்னதில்ல. அவர் உயிரோட இருக்கறப்ப நீங்க சொல்லியிருந்தா, ஆமாம்னு சொல்ல ஒரு ஆளாவது இருந்திருக்கும்.”

பெட்டிக்குப் பின்னால் அவள் போய்விட்டாள். ஈரப்பலா மரத்தடியில் மண் தள்ளும் சத்தம் பாட்டுக்கு நடுவே கேட்டது.

அடக்கம் முடிந்து விருந்தாளிகளுக்கு மரியாதை செய்தார்கள். எல்லோருக்கும் முன்னால் அவுகுசோவின் பேரைத்தான் கூப்பிட்டார்கள். முழுப் பன்றி ஒன்று, டின் மீன் இரண்டு பெட்டி, அந்த வீட்டிலேயே பெரிய நுண்பாய். நாலு பேர் அந்தப் பாயை விரித்துப் பிடித்து, ஊர் பார்க்க நடத்திக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்கள். வேண்டாம் என்று சொன்னால் செத்தவனுக்கே அவமானம்.

அவுகுசோ பாயை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கினார். நன்றி சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை.